காலை ஏழு மணிக்கு ஒரு மணி

நெய்வேலி நகரியத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ‘எந்த பிளாக்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். கடித உறையில் அது ‘வட்டம்’ ஆகிவிடும். சொந்த ஊர் எது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். அங்கே குடியிருக்கும் எல்லாருக்குமே வேறொரு சொந்த ஊர் உண்டு. 1956 நவம்பர் 14இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணை உழுதவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு நகர, எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் எண்ணிட்ட வட்டங்களில் குடியேறினார்கள்.

இன்னும் தொலைவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. 1962இல் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கி, 1970இல் ஒன்பதாவது அலகோடு 600 மெகாவாட்டை எட்டியது. ஜெர்மானியப் பொறியாளருக்கும் தமிழ் மேற்பார்வையாளருக்கும் நடுவே நின்ற மொழி ஆங்கிலம். இருவருக்குமே அது வீட்டில் பேசும் மொழி அல்ல.

இரவல் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துவதும், அதையே அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. அந்தக் கதையின் முதல் பாதியில் ஆசிரியர்கள் கடல் கடந்து இங்கே வந்தார்கள். இரண்டாம் பாதியில் இங்கிருந்து போனார்கள்.

நெய்வேலியிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் கடலூர். அங்கே தேவனாம்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1717இல் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த க்ருண்ட்லர் கடலூரில் ஒரு தருமப் பள்ளியைத் தொடங்கினார். 1740இல் கீர்நாந்தர் என்ற ஸ்வீடன்காரர் வந்து சேர்ந்தார்; 1758இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போய் அங்கே பள்ளிக்கூடம் திறந்தார். 1767இல் கெரிக்கே வந்தார், அவர் ஜெர்மானியர். கம்பெனி ஆங்கிலேயருடையது, செலவுக்குப் பணம் அனுப்பிய கிறிஸ்தவச் சங்கமும் லண்டனில்தான் இருந்தது. ஆனால் இந்த வேலைக்குக் கப்பலேற இங்கிலாந்தில் ஆள் கிடைக்கவில்லை. அதனால் ஆங்கிலேயர் ஊருக்கு ஜெர்மானியரையும் ஸ்வீடன்காரரையும் அனுப்பி வைத்தார்கள்.

இவர்களில் பெரிய பெயர் ஷ்வார்ட்ஸ். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். தமிழ் படித்தார், போர்த்துகீசியம் படித்தார். திருச்சிராப்பள்ளியில் கம்பெனிச் சிப்பாய்களுக்கு வழிபாடு நடத்தும் பொறுப்பு வந்தபோதுதான் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டிய கட்டாயம். தொடக்கத்தில் வேறு யாரோ எழுதிய பிரசங்கங்களைப் பார்த்து வாசித்துச் சமாளித்தார். வாய் பழகிய பிறகு சொந்தமாகப் பேசினார். அவருடைய அன்றாட வாழ்க்கையை வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். மாதம் 10 வராகன் வரும்படி. பழைய கட்டடம் ஒன்றில் தானும் கட்டிலும் அடங்கும் அளவுக்கு ஓர் அறை. சோறும் காய்கறியும், அதுவும் உள்ளூர்ப் பக்குவத்தில். கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணிதான் உடுப்பு. ‘அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்?’ என்று வெளிநாட்டுக்குப் போன பிள்ளையைத் தாய்மார் கேட்கும் கேள்விக்கு இதைவிட முழுமையான பதில் அந்தக் காலத்திலிருந்து கிடைப்பது அரிது.

1784, 85 வாக்கில் தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன், மன்னர் சபைகளின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் திட்டம் போட்டார். தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் கிடைத்தது. நடத்தும் பொறுப்பு ஷ்வார்ட்ஸிடம் வந்தது. ஆக, ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்புக்கு அரை நூற்றாண்டு முன்பே தமிழ்ப் பிள்ளைகள் ஒழுங்கான பள்ளியில் ஆங்கிலம் படித்தார்கள். அதை நடத்தியவருக்கே ஆங்கிலம் பிழைப்புக்காகப் பிற்காலத்தில் கற்ற பாஷை. ‘கான்வென்ட் உச்சரிப்பு’ பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஷ்வார்ட்ஸுக்கு முன்னோடி சீகன்பால்கு. 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கியவர். உள்ளூர் வாத்தியார் ஒருவரைப் பள்ளிக்கூடத்தோடு வரவழைத்து, சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைப் படித்தார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராகித் தரையில் உட்கார்ந்த இந்தக் காட்சி, இரண்டரை நூற்றாண்டு கழித்து ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் வேறு வேடத்தில் திரும்ப வந்தது. இந்த முறை உட்கார்ந்தவர்கள் இந்தியர்கள்.

எத்தியோப்பியாவை 1936இல் இத்தாலி பிடித்தது. 1937 பிப்ரவரியில் இத்தாலிய ஆளுநர் கிராசியானி மீது குண்டு வீசப்பட்டதும் பழிவாங்கும் படலம் தொடங்கியது. படித்த இளைஞர்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள். 1941 மே மாதம் பேரரசர் ஹைலி செலாசி அடிஸ் அபாபாவுக்குத் திரும்பியபோது பள்ளிக்கூடத்தைத் திறக்க மனம் இருந்தது, பாடம் சொல்ல ஆள் இல்லை. உயர்நிலைப் பள்ளியின் பாடமொழி ஆங்கிலம் என்று முடிவாயிற்று. ஆனால் இத்தாலியரை விரட்ட உதவிய பிரிட்டிஷாரிடமே பள்ளிகள் முழுவதையும் ஒப்படைக்கப் பேரரசருக்கு விருப்பமில்லை. ஆங்கிலம் தெரிய வேண்டும், எஜமானனாக நடந்துகொள்ளக் கூடாது, சம்பளமும் கட்டுப்படியாக வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய கூட்டம் இந்தியாவில் இருந்தது. கையில் பட்டம், பட்டத்துக்கு மேல் ஆசிரியப் பயிற்சி, வீட்டில் கல்யாணத்துக்குத் தங்கைகள். போனவர்களில் மலையாளிகளே அதிகம்; தமிழ்நாட்டுக்காரர்களும் கணிசமாகச் சேர்ந்தார்கள்.

முன்னால் போனவர்களில் ஒருவர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கொச்சிக்கு அடுத்த திருப்பூணித்துறையைச் சேர்ந்த பால் வர்கீஸ் தபால் தந்தித் துறையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கக்காரர். 1947இல் அந்த வேலையை விட்டு எத்தியோப்பியாவுக்கு ஆசிரியராகப் போனார். போன வேகத்திலேயே அம்ஹாரிக் கற்றுக்கொண்டார். மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றவர், 1956இல் மீண்டும் எத்தியோப்பியா வந்து பேரரசரின் நேரடி உதவியாளர்களில் ஒருவரானார். பிற்காலத்தில் பௌலோஸ் மார் கிரிகோரியோஸ் என்ற பெயரில் டெல்லி ஆர்த்தடாக்ஸ் பேராயராகவும், உலகத் திருச்சபை மன்றத் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார். எல்லா வாத்தியாருக்கும் அரண்மனைக் கதவு திறக்கவில்லைதான். ஆனால் உள்ளூர் எழுத்தைப் படித்தவருக்கு ஊரும் திறந்தது என்பதற்கு அவர் பெரிய சாட்சி.

வழி இப்படி: பம்பாயில் கப்பல், செங்கடல் வாயில், ஜிபூட்டித் துறைமுகம், அங்கிருந்து 1917இல் கட்டி முடித்த 784 கிலோமீட்டர் ரயில்பாதை. பாலைவனத்தில் புறப்படும் ரயில் மேலே மேலே ஏறி, 2,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அடிஸ் அபாபாவில் கொண்டுபோய் விடும். ஊட்டியைவிட உயரம். கடலூர் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு முதல் தேவை ஸ்வெட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாத மழை. அது ஓய்ந்த பிறகுதான் பள்ளி ஆண்டே தொடங்கும். பட்டணத்தில் வேலை கிடைத்தவர்கள் சிலர்தான். ஜிம்மா, ஹரார், கோண்டார் என்று மாகாண ஊர்களுக்கும் அவற்றுக்கு அப்பாலும் போக வேண்டியிருந்தது.

போய் இறங்கியதும் ஆசிரியருக்கு வயது குறைந்தது. எத்தியோப்பிய நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்தங்கி ஓடுவது. 30 நாள் கொண்ட 12 மாதங்கள், கடைசியில் ஐந்தோ ஆறோ நாள் மட்டும் கொண்ட 13ஆவது மாதம் ஒன்று. புத்தாண்டு செப்டம்பர் 11இல் பிறக்கும். நெய்வேலியில் முதல் மின் அலகு ஓடிய 1962இன் செப்டம்பரில் அங்கே போய்ச் சேர்ந்தவர் சுவரில் பார்த்திருக்கக்கூடிய ஆண்டு 1955. நெய்வேலி நிறுவனமே இன்னும் பிறக்காத ஆண்டு!

நாட்காட்டியைக்கூட மன்னிக்கலாம். கடிகாரம்தான் முதல் வாரத்தில் ஆளைப் பிடித்து உலுக்கும். எத்தியோப்பியாவில் பகல் எண்ணிக்கை சூரிய உதயத்தில் தொடங்குகிறது. காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி. எட்டு மணி என்பது இரண்டு. ‘பள்ளிக்கூடம் இரண்டு மணிக்கு’ என்று காவலாளி சொன்னால் மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டுப் போகிறவருக்கு வேலை மிஞ்சாது. ‘இரவு ஒரு மணிக்கு விருந்துக்கு வாருங்கள்’ என்றால் பயப்பட வேண்டாம், அது மாலை ஏழு. இதே சமயம் வந்த அமெரிக்கர்களுக்கு இது விநோதம். 1962இல் பீஸ் கோர் அமைப்பு ஏறக்குறைய 300 ஆசிரியர்களை எத்தியோப்பியாவுக்கு அனுப்பியது. தமிழருக்கோ, கொஞ்சம் யோசித்தால் பாட்டி வீட்டு விஷயம். உதயத்திலிருந்து நாழிகை எண்ணும் வழக்கம் நம்மிடமும் இருந்தது. பஞ்சாங்கத்தில் இன்றும் இருக்கிறது. ஒரு பகலுக்கு 30 நாழிகை என்ற கணக்கை 12 மணியாக்கிக்கொண்டால் தீர்ந்தது. மூன்று ஷிப்டில் ஓடும் நெய்வேலியில் வளர்ந்த பிள்ளைக்கு இது இன்னும் எளிது. அப்பா இரவு பத்து மணிக்கு ‘வேலைக்குப் போயிட்டு வரேன்’ என்று கிளம்பும் வீட்டில், நாள் காலையில்தான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம் யாருக்கும் இருக்காது.

சாப்பாட்டிலும் இப்படியொரு மறைந்த உறவு. டெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தை அரைத்து, கரைத்து, சில நாள் புளிக்க வைத்து, பெரிய வட்டக் கல்லில் ஊற்றி எடுப்பது இஞ்சிரா. மேலெல்லாம் கண்கண்ணாக, தொட்டால் பஞ்சாக, வாயில் வைத்தால் இரண்டு நாள் பழைய மாவில் சுட்ட தோசையாக இருக்கும். ஒரு பக்கம்தான் வேகும், ஆப்பம்போல. பார்பரே என்ற மிளகாய்ப் பொடி இல்லாமல் குழம்பு இல்லை. கடலைமாவுக் குழம்பு ஒன்று, மைசூர்ப் பருப்புக் குழம்பு ஒன்று எப்போதும் உண்டு. மரக்கறிக்காரர்களுக்கு இன்னொரு யோகம்: எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம் இருப்பவர்கள். இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பாலும் கிடையாது. ஈஸ்டருக்கு முன் 55 நாள் நோன்பு தனி. பக்தியுள்ள வீட்டில் வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் சைவம்தான். வெளிநாடு போனால் பட்டினி கிடப்பான் பிள்ளை என்று கவலைப்பட்டு ஊறுகாய் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. குறைகளும் உண்டு. மேட்டுநிலத்தில் தென்னை கிடையாது. அரிசி அங்கே அன்றாட உணவல்ல.

காப்பி பிறந்த நாட்டில் காப்பிக்குத் திண்டாடியதுதான் வேடிக்கை. டிகாக்‌ஷனும் பாலும் டபராவும் கொண்ட காப்பியைத் தேடியவருக்குக் கிடைத்தது பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் கறுப்புக் காப்பி. கொட்டையைக் கண் முன்னாலேயே வறுத்து, இடித்து, மண் கூஜாவில் கொதிக்க வைத்து மூன்று சுற்று ஊற்றுவார்கள். அபோல், தோனா, பரக்கா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பெயர் உண்டு. முதல் சுற்றோடு எழுந்து போவது மரியாதையல்ல. அந்த மூன்று கிண்ணத்துக்குள் ஊர்க்கதை முழுவதும் வந்துவிடும் என்பதால் மொழி பழக அதைவிட நல்ல வகுப்பும் இல்லை.

வகுப்பறையில் வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் மற்றோர் ஆறுதல். எத்தியோப்பியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்து தகப்பன் பெயர். பெண் கல்யாணமானாலும் பெயரை மாற்றுவதில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோமா, முழுப் பெயரைப் பின்னால் போடுகிறோமா என்பது மட்டும்தான் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம். எழுத்தும் அப்படியே. ஃபிதல் எனப்படும் அம்ஹாரிக் நெடுங்கணக்கில் மெய் ஒவ்வொன்றுக்கும் உயிர் சேர்ந்து ஏழு வடிவங்கள். அடிப்படையான 33ஐ ஏழால் பெருக்கினால் 231. க, கா, கி, கீ என்று 247 எழுத்தைக் கத்திப் படித்த தமிழனுக்கு அந்த அட்டையைப் பார்த்ததும் அமைப்பு புரிந்துவிடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அது வெறும் கோலம். உச்சரிப்பு வேறு கதை. தொண்டையை அடைத்து வெடிக்க வைக்கும் சில மெய்கள் தமிழ் வாய்க்கு லேசில் வராது. எதற்கும் ‘இஷி’ என்று தலையாட்டினால் போதும் என்பது புதியவர்களின் முதல் தந்திரம். ‘சரி’ என்று பொருள்.

இனி ஆங்கிலம். ஆறாம் வகுப்புவரை அம்ஹாரிக்கில் படித்த பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் திடீரென எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் எதிர்கொண்டார்கள். அங்கே நின்றவர் நாக்கை மடித்து ‘டீச்சர்’ என்று அழுத்தும் இந்தியர். அடுத்த வகுப்பில் மூக்கால் பேசும் அமெரிக்கர். பிள்ளைகள் இரண்டையும் வாங்கிக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைப் பேசினார்கள். பனியையே பார்த்திராத ஆசிரியர், பனியையே பார்த்திராத மாணவர்களுக்கு லண்டன் குளிர்காலம் பற்றிய பாடத்தை விளக்கியிருப்பார். ஆனால் இந்திய ஆசிரியருக்கு ஒரு சாதகம் இருந்தது: ஆங்கில இலக்கணம் எங்கெங்கே காலை வாரும் என்பது அவருக்கு அனுபவம். தானே தடுக்கி விழுந்த இடங்கள் அவை. தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு அந்தப் பள்ளம் கண்ணில் படாது.

பணக்கணக்கையும் பார்த்துவிடலாம். 1960களின் தொடக்கத்தில் ஓர் எத்தியோப்பிய டாலர் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 1966 ஜூன் 6இல் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்து, அமெரிக்க டாலருக்கு 4.76 என்றிருந்ததை 7.50 ஆக்கியது. அந்த ஒரே இரவில் எத்தியோப்பிய டாலர் மூன்று ரூபாய் ஆனது. ஊரில் விலைவாசி என்று எல்லாரும் தலையில் கைவைத்த அதே வாரத்தில், வெளிநாட்டு வாத்தியார் வீட்டுக்கு வந்த பணம் மட்டும் கேட்காமலேயே ஒன்றரை மடங்காகிவிட்டது.

இந்த வாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. 1960களின் கடைசியில் மாணவர் கிளர்ச்சிகள் மூண்டன. பீஸ் கோர் ஆசிரியர்கள் மீதும் எதிர்ப்பு திரும்பியது. 1974 பிப்ரவரியில் எத்தியோப்பிய ஆசிரியர்களே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 12இல் பேரரசர் பதவியிறக்கப்பட்டார். ராணுவ ஆட்சி சுமார் 60,000 மாணவர்களையும் ஆசிரியர்களையும் கிராமப் பணிக்கு அனுப்பியது, மேல்வகுப்புகள் வெறிச்சோடின. 1977, 78இல் அதே ஆட்சி எதிரிகளை வேட்டையாடிய ‘சிவப்புப் பயங்கரம்’. நேற்று வருகைப் பதிவில் ‘ஆஜர்’ சொன்னவன் இன்று எங்கே என்று கேட்க முடியாத காலம். சிலர் தங்கினார்கள், பலர் மூட்டை கட்டினார்கள்.

மூட்டை ஊருக்கு வரவில்லை, நைஜீரியாவுக்குப் போனது. எண்ணெய்ப் பணத்தில் மிதந்த அந்த நாடு 1976இல் எல்லாருக்கும் ஆரம்பக் கல்வி என்று அறிவித்து ஆசிரியரைத் தேடியது. அன்று அந்நாட்டு நாணயமான நைரா அமெரிக்க டாலரைவிட மதிப்பு மிக்கது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆசிரியர்கள் போனார்கள். 1986இல் நைரா சரிந்ததும் அந்தக் கணக்கும் முடிந்தது.

இன்று ஆங்கில ஆசிரியர் வேலைக்கு வெளிநாடு போகும் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு மிக அருகில் இருப்பது மாலத்தீவு. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல். மாலேயின் மஜீதிய்யா பள்ளி 1960களின் தொடக்கத்தில் ஆங்கில வழிக்கு மாறியபோது இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள், பின்னர் இந்தியர்கள். ஆள் வாழும் தீவுகள் 200க்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும். மாலேயில் இறங்கியவர் அங்கிருந்து படகேறி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடக்கூடிய தீவில் போய் இறங்குவார். அந்தப் படகின் பெயர் தோனி. நம் தோணிதான்.

அங்கே வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. வெள்ளி, சனி விடுமுறை. காய்கறி வெளியிலிருந்து படகில் வந்தால் உண்டு. மீன் எப்போதும் உண்டு. சூரையைத் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோடு பிசைந்து ரொட்டியோடு சாப்பிடுவது காலை உணவு. தூத்துக்குடிக் கடைகளில் ‘மாசி’ என்று விற்கும் கட்டைக் கருவாட்டின் பிறப்பிடம் இது. ‘மஸ்’ என்றால் அவர்கள் மொழியில் மீன். குடிக்க மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைக்கும் தீவுகள் பல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பல இடங்களில் கிணற்று நீர் உப்பானது. கந்தோலுதூ என்ற தீவில் இனி வாழ முடியாது என்று ஊரே காலிசெய்தது. அதே நாளில் கடலூர்க் கரையில், பழைய கோட்டை நின்ற தேவனாம்பட்டினத்திலும் அலை புகுந்தது.

மாலத்தீவு மொழியான திவேஹியின் எழுத்துக்குத் தானா என்று பெயர். வலமிருந்து இடமாக எழுதுவது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் 1 முதல் 9 வரையிலான அரபு எண் வடிவங்களிலிருந்து பிறந்தவை. அடுத்த ஒன்பது, பழைய உள்ளூர் எண்களிலிருந்து. எண்ணே எழுத்தான விசித்திரம். வட்டம் 9, வட்டம் 16 என்று எண்ணையே ஊராகக் கொண்ட நகரியத்திலிருந்து போகும் ஆசிரியைக்கு அது பிடித்துப்போகக் கூடும். அவர் பெயரை மாணவன் ஒருவன் தானாவில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், கண் பழக்கத்தில் இடப்பக்கமிருந்து வாசிக்கத் தொடங்கும். அங்கே இருப்பது பெயரின் கடைசி எழுத்து.